எல்லாரும் ஒன்றாம் இலக்கம்

"அக்கா, உங்கட ஒழுங்கையில எல்லாரும் ஒரே வீட்டிலயோ இருக்கிறியள்?"

கிளிநொச்சி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்பிள்ளை கேட்டாள். மருந்துக் குளிசைகளை வீட்டுக்கு அனுப்புகிற ஆப்பைச் செய்தவள் அவள்தான் என்று பேச்சில் விளங்கியது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் வட்டக்கச்சிக்காரி.

"வீட்டு இலக்கம் போடாட்டி உங்கட ஆப் விடுதில்லையே, தங்கச்சி. எங்களுக்கு ஏது இலக்கம்? முதல் பதிஞ்ச பள்ளிக்கூட மாஸ்டர் ஒண்டு எண்டு போட்டார், விட்டுட்டுது. பிறகு நாங்களும் ஒண்டு எண்டே போட்டம்."

"அதுதான் எல்லாற்ற குளிசையும் மாஸ்டர் வீட்டை போயிருக்கு."

"அந்தாள் அதுகளை அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போட்டு கொழும்புக்குப் போயிட்டுது. அம்மாவின்ர பிரசர் குளிசை நாளையோட முடியுது."

பெண்பிள்ளை பதறாமல் மடிக்கணினியைத் திறந்தாள்.

"இனி இலக்கம் கட்டாயமில்லை, அடையாளம் எழுதினாக் காணும். உங்களுக்கு இண்டைக்கே வேற குளிசை அனுப்பச் சொல்லுறன். வீட்டுக்கு என்ன அடையாளம்?"

"வாய்க்கால் தாண்டினா, வாசல்ல கறுப்பு நாய் படுத்திருக்கிற படலை."

"நாய் செத்துப்போனா?"

"அம்மாவுக்குக் குளிசை வந்து சேரட்டும். அவா இன்னொரு கறுப்பு நாய் வளர்ப்பா."