கண்ணாடிக்கு வரும் காற்று

லாரி ஏசியைக் கெடுப்பவர்களில் பாதிப் பேர் அதன்மேல் ரொம்ப அக்கறை உள்ளவர்கள்தான், ஐயா. தூசி போகட்டும் என்று முன்பக்கம் சூட்டை வெளியே விடும் கண்டன்சரில் முழு வேகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். மெல்லிய தகடுகள் மடங்கிப் போகும். அப்புறம் என்னிடம் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் பிரஷ்ஷால் தடவிக் கொடுத்துத்தான் சுத்தம் செய்வேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்ததில்லை. கையுறை இல்லாமல் கேஸ் குழாயைத் தொட்டதில்லை. விபத்தை விசாரிக்க வந்திருக்கிறீர்கள்; இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த நிதானம்தான் மாப்பிள்ளைக்குக் கிண்டல். என் ஒரே தங்கையைக் கட்டியவர், அந்த லாரியை ஓட்டியவர். ஏசிக்கு சர்வீஸ் செய்கிறேனா, தாலாட்டுப் பாடுகிறேனா என்று கேட்பார். பட்டறையில் கவிழ்த்துப் போட்ட வாளிதான் அவருடைய சிம்மாசனம். வண்டி வந்தால் தங்கையும் சாப்பாட்டுடன் வந்துவிடுவாள். என் சட்டையில் இருக்கும் கிரீஸ் கறைக்காக அரை மணி நேரம் திட்டுவாள். அவர்கள் கிளம்பிவிட்டால் பட்டறையில் கம்ப்ரசர் சத்தம் மட்டும்தான். எனக்கு அது பிடிக்காது.

அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன வேலையை மிச்சம் வைப்பேன். தண்ணீர் வடிகிற ரப்பர் குழாயை லேசாக நெளித்துவிட்டால், மூன்று வாரத்தில் மாப்பிள்ளையின் காலில் சொட்டும்.

"இந்த வண்டிக்கு உங்க மேல பாசம் மச்சான். உங்களப் பாக்கலேன்னா அழ ஆரம்பிச்சிடுது" என்று வந்து நிற்பார்.

ஆறு வருடம் இப்படியே ஓடியது. யாருக்கு என்ன கெட்டுப்போனது, சொல்லுங்கள்.

பிறகு அவருக்கு மலைப் பாதையில் நிரந்தர வேலை கிடைத்தது. அங்கேயே வீடும் பார்த்துவிட்டார். தங்கை பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள். கடைசி சர்வீஸுக்கு வந்தபோதுதான் அவர் கிண்டல் இல்லாமல் பேசியதை முதல்முறையாகக் கேட்டேன்.

"அங்க எப்பவும் மழையும் பனியும்தான் மச்சான். ஹீட்டர் காத்து கண்ணாடிக்கு ஒழுங்கா வரணும். அடுத்த வாரம் உங்க தங்கச்சியையும் இதுலதான் கூட்டிட்டுப் போறேன்."

டாஷ்போர்டுக்கு உள்ளே ஒரு மடல் இருக்கிறது. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புவது அதுதான். அதைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி நகத்தளவுதான் இருக்கும். அதை முக்கால்வாசி மட்டும் மாட்டினேன். மலை ஏறுவதற்கு முன்பே அது நழுவும், கண்ணாடியில் ஆவி படியும், திட்டிக்கொண்டே திரும்பி வருவார் என்று கணக்குப் போட்டேன். அது மலைமேல் போய் நழுவியது. அவரும் திரும்பவில்லை. தங்கையை ஏற்றுவதற்கு முன் தனியாகப் போன நடை அது; துண்டால் துடைத்துத் துடைத்து ஆறு வளைவுகள் ஏறியிருக்கிறார். ஏழாவதில் சுவர். அவ்வளவு பிடிவாதக்காரர் என்று எனக்குத் தெரியாது.

வண்டியிலிருந்து எடுத்து உங்கள் பையில் வைத்திருக்கும் கொக்கி உடையவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆமாம், நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை.

இரண்டு காலும் முறிந்த மாப்பிள்ளை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். தங்கையும்தான். தினமும் சட்டைக் கறைக்குத் திட்டு விழுகிறது. நேற்று கஞ்சி ஆற்றிக்கொண்டே, "நீ இல்லேன்னா நாங்க எங்க போயிருப்போம் அண்ணே" என்றாள். மலைக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. கிண்ணத்தை வாங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. பிடித்துக்கொண்டு நடக்கிற கம்பிச் சட்டத்தை மாப்பிள்ளைக்கு இன்று காலைதான் நானே முடுக்கிக் கொடுத்தேன். நடை பழகியதும் தனி வீடு பார்க்க வேண்டும் என்கிறார். ஒரே ஒரு திருகை மட்டும் லேசாக விட்டிருக்கிறேன். விழமாட்டார், ஐயா. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவார்.