முதல் நுரை கண்ட நுரையம்மாவுக்கு

பற்பசை ஆலையின் கலவைக்கூடத்தைக் கண்ணாய்க் காத்த காவலே! கண்டிப்பும் கனிவும் ஒருங்கே கொண்டு, இன்று பணி ஓய்வு பெறும் தலைமை வேதியியலாளரே! கடைவாயில் நுரையோடு காலை வணக்கம் சொல்லும் எங்கள் நுரையம்மாவே!

பல் தேய்ப்பதில் என்ன பெரிய அதிசயம் என்று அலட்சியமாக வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். எகிப்தியர் மாட்டுக் குளம்பின் சாம்பலையும் முட்டை ஓட்டையும் பொடித்துத் தேய்த்ததையும், உரோமானியர் எலும்பையும் சிப்பியையும் இடித்துத் தேய்த்ததையும் தாங்கள் சொல்லக் கேட்டு வாய் பிளந்தோம். பிறகு சாக்குக்கட்டித் தூளில் சோப்பு சேர்ந்தது, பொடி பசையானது, வீடே ஒரே ஜாடியில் பிரஷ்ஷை முக்கியெடுத்த காலம் போய், பிதுக்கும் குழாய் வந்தது. "அம்மாடியோ! நம்ம கையில இருக்கிறது இத்தனை ஆயிரம் வருஷத்துச் சரக்கா!" என்று குழாயில் பசை அடைக்கும் குண்டண்ணன் அலறினார். "ஆமாண்ணே. அத்தனை வருஷமும் பல்லு வெளுத்துச்சு, கூடவே தேஞ்சும் போச்சு" என்றீர்கள்.

அந்தத் தேய்மானம்தான் தங்கள் தீராக் கவலை. ஆகவே சோதனைக் கருவி சரியென்ற பிறகும், கூடத்து மூலையில் வாய் கொப்பளிக்கும் தொட்டியடியில் நின்று ஒவ்வொரு கலவையிலும் தாங்களே முதலில் பல் தேய்ப்பீர்கள். "நான் போனதும் இந்தத் தொட்டியப் பேத்துருவாங்க, பாருங்க" என்று சில நாளாகப் புலம்பவும் செய்தீர்கள்.

சென்ற வாரம் வந்தது சோதனை. குழந்தைகளுக்கான பசை, கெட்டியும் நிறமும் சரியென்றது கருவி, வாசலில் லாரிகள் உறுமின. தாங்கள் தேய்த்தீர்கள், துப்பினீர்கள். "நறநறங்குது. பால்பல்லு தாங்காது. இது போகாது."

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். "போற நேரத்துல எதுக்கும்மா வம்பு? கையெழுத்தப் போட்டுட்டு நல்ல பேரோட போங்களேன்."

தாங்கள் அசையவில்லை. புது பிரஷ்ஷில் அந்தப் பசையைப் பிதுக்கி அவரிடமே நீட்டினீர்கள். "உங்க பேத்திக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை தேய்ங்க."

எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது! அதட்டியே பழகிய மனிதர் எங்கள் கண்முன் வாயெல்லாம் நுரையாக நின்றார். பாதியில் நிறுத்தினார். நாவால் பல்லைத் தடவிப் பார்த்தார். "லாரியெல்லாம் திருப்பி அனுப்பு" என்றார். தூள் சலிக்கும் சல்லடை கிழிந்திருந்ததைப் பிறகுதான் கண்டோம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். தங்கள் பல்லும் உறுதி, சொல்லும் உறுதி. இரண்டும் நூறாண்டு நிலைக்க, நோய்நொடியின்றி நீடூழி வாழ்க, நுரையம்மாவே!

தொட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். நாளைக் காலையின் முதல் கலவையில் பல் தேய்க்கத் தாமே வருவதாகச் சொல்லி, அங்கு தங்கள் பிரஷ் இருந்த தம்ளரில் முதலாளி இன்றே தம் பிரஷ்ஷை வைத்துவிட்டார்.

வியப்பு மாறாத,
கலவைக்கூடத்தாரும் குழாய் அடைப்போரும்