யோபுவிடம் இருந்த சாவி

என் பெயர் ஜம்புலிங்கம், வயது 26, தகப்பனார் பெயர் சிங்காரம். திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். வெளியூர்ப் பேச்சைப் பெருக்கி அனுப்பும் டிரங்க் டெலிபோன் ரிப்பீட்டர் நிலையத்தில் டெக்னீஷியன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. யாரும் வற்புறுத்தாமல் நான் சொல்வதாவது:

11.8.1982, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், காலை பத்தேகாலுக்கு, அரக்கோணம் பக்கமிருந்து சிக்னல் வரவில்லை என்று அலாரம் மணி அடித்தது. மீட்டர் வைத்துச் சோதித்ததில் பழுது நாலாவது மைலில் என்று தெரிந்தது. காவடிக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடக் கால் நட்டபோது கடப்பாரை பட்டு கேபிள் அறுந்திருந்தது. கேபிள் ஒட்டும் நிரந்தர ஊழியரை, மலைமேல் அதிகாரிகளுக்குத் தற்காலிக போன் வைக்க அனுப்பியிருந்தார்கள். ஆகவே கே.ஜி.கண்டிகை ஊர்க்காரர் யோபுவை அனுப்பினோம். அவர் மூன்று வருடமாக இந்த வேலையைத் தினக்கூலிக்குச் செய்துவந்தார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதியதில்லை.

கேபிளில் பேச்சோடு ஆளைக் கொல்லும் மின்சாரமும் போகிறது. அதனால் குழியில் இறங்குகிறவர், பூட்டிய சுவிட்சின் சாவியைத் தன்னோடு எடுத்துப் போவது நிலையத்து வழக்கம். நான் சுவிட்சை அணைத்துப் பூட்டி, மூன்றாம் எண் சாவியை யோபுவிடம் கொடுத்தேன். அவர் அதை நிக்கர் பையில் போட்டுக்கொண்டு, “இது என்கிட்ட கீற வரைக்கும் நான்தான் ஆபீசரு. சல்யூட் அடி ஜம்பு” என்றார். நான் சிரித்துக்கொண்டே சல்யூட் அடித்தேன்.

அதன் பிறகு பகல் ஒரு மணிக்குப் பிரிவு அதிகாரி வந்து, “மலைமேலேர்ந்து மூணு தடவை கேட்டுட்டாங்க, இன்னுமா ஒட்டிகினு கீறான்?” என்றார். யோபு இன்னும் சாவி கொண்டுவரவில்லை என்றேன். “முடிச்சிட்டு பீடி புடிச்சிகினு இருப்பான். உனக்கு வேலை நிரந்தரமாவணுமா, வேணாமா?” என்று கேட்டு, தன் மேஜை இழுப்பறையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் சுவிட்சைத் தொடவில்லை. திருப்பியது நான்.

உடனே அலாரம் மணி நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ‘1.12, சிக்னல் சீர்’ என்று பதிவேட்டில் எழுதினேன்.

ஒன்றரை மணிக்குப் பந்தல்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, யோபு குழியில் அசையாமல் கிடக்கிறார் என்று சொன்ன பிறகுதான் சுவிட்சை அணைத்தேன். யோபு கம்பியைச் சரியாகவே ஒட்டியிருந்தார், அதனால்தான் மணி நின்றது. மேலே சுற்ற வேண்டிய உறை மட்டும் பாக்கி. அவர் இரண்டு கையும் வெறும் செம்பின் மேல் இருந்தன.

அதன் பிறகு, யாரோ வழிப்போக்கன் குழியில் தவறி விழுந்து இறந்ததாக அதிகாரி எழுதிய காகிதத்தில் 12ஆம் தேதி கையெழுத்துப் போட்டேன். அது பொய். யோபு வேலையில் இறந்தார் என்று எழுதாவிட்டால் அவர் மனைவிக்கு எந்த உதவியும் கிடைக்காது என்பது கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும்.

நேற்று அவர் மனைவி ஜெபகுமாரி நிலையத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி மூட்டையில் இருந்ததாக ஒரு சாவியை நீட்டி, “இது ஆபீசு சாவிதானுங்களே? காணோம்னா உங்களைத்தான் புடிப்பாங்க, அதான் எடுத்துகினு வந்தேன்” என்றார்.

அந்தச் சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் மூன்று என்று வெட்டியிருக்கிறது. வழிப்போக்கன் பையில் அது இருக்க வழியில்லை. மாற்றுச் சாவியைத் திருப்பியவன் நான் என்று ஜெபகுமாரியிடம் இன்னும் சொல்லவில்லை.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் உண்மை. 12ஆம் தேதி காகிதத்தில் உள்ள கையெழுத்தும் இதுவும் ஒரே கைதான்.

(ஒப்பம்) சி. ஜம்புலிங்கம்
17.8.1982