ஒரே கைபேசியில் ஒரு தொகுதியைத் தாங்கியவருக்கு

இக்கூடத்தில் உள்ளோர் யாவரும் பேச்சை நிறுத்தி, நிமிர்ந்து அமர்ந்து கேட்கத்தக்க மாபெரும் செய்தி யாதெனில்: எங்கள் வங்கிக் கிளை மேலாளர் இன்று ஓய்வு பெறுகிறார்.

கடமையின் கருவூலமே, கனிவின் காசாளரே, இலக்கை எட்டாமல் இமை மூடாத ஏந்தலே!

முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் முடிசூட்டியது அந்த ஒன்பது நாள். வங்கிக் கணக்கில்லாத வீடே இத்தொகுதியில் இல்லையென்று தேர்தல் மேடையில் அமைச்சர் முழங்கினார். முழங்கிய பிறகே நமக்குத் தெரிவித்தார்கள். ஒன்பதே நாளில் இரண்டாயிரத்து முந்நூறு கணக்குகளைத் திறந்து அவர் வாக்கை மெய்யாக்கினீர்கள். படிவத்தில் வாடிக்கையாளரின் கைபேசி எண் கேட்ட கட்டத்தில், நேரமில்லையென்று தங்கள் சொந்த எண்ணையே அத்தனை பேருக்கும் எழுதச் சொன்ன தாராளத்தை என்னவென்று போற்றுவது!

அன்றுமுதல் யார் பணம் எடுத்தாலும், அதற்கு வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ரகசிய எண் தங்கள் சட்டைப்பைக்கே வந்தது. பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி, ஆறு இலக்கங்களையும் விரல்விட்டுக் காட்டி, துணைவியார் வழியாகச் சொல்லியனுப்பிய தொண்டுள்ளம் தங்களுடையது.

இன்று மதியம் தெருமுனை இஸ்திரிக்கார அக்கா வந்தார். மகளின் செவிலியர் படிப்புக்கான உதவித்தொகை கணக்கில் ஏறிவிட்டது. கல்லூரியில் கட்ட நாளையே கடைசி நாள். இவ்விழாவுக்காக நாம் கவுண்டரை மூடியிருந்தோம். தாங்களோ விடிவதற்குள் கைபேசியோடு வெளிநாட்டு மகன் வீட்டுக்கு விமானம் ஏறுகிறீர்கள்.

“எம் பணத்தை எடுக்க உங்க போன் எதுக்கு சார்?” என்றார்.

“உங்ககிட்ட போன் இல்லைன்னுதானேக்கா” என்றீர்கள்.

“எட்டு வருஷமா இருக்கு. நீங்கதான் யாரும் கேக்கல.”

எண்ணை மாற்றிவிடலாமே என்றார் காசாளர். தாங்கள் உரைத்தது எங்கள் நெஞ்சில் நிற்கிறது:

“ஒண்ணை மாத்தினா மேலிடம் ஏன்னு கேக்கும். காரணத்தைச் சொன்னா ரெண்டாயிரத்து முந்நூறையும் தோண்டுவாங்க. வாசல்ல ‘எல்லா வீட்டுக்கும் கணக்கு’ன்னு அமைச்சர் திறந்துவெச்ச கல்வெட்டை அப்புறம் யாருப்பா பேர்க்கிறது?”

வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்த அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை.

தாங்கள் நோய்நொடியின்றி, நிம்மதியாக, எவருக்கும் எந்த எண்ணும் சொல்லத் தேவையின்றி நெடுங்காலம் வாழ மனமார வாழ்த்துகிறோம்.

அன்பு மாறா,
கிளை ஊழியர்கள்

இம்மடலுக்கு அடியில் அக்காவின் எண் மாற்றப் படிவம் இருக்கிறது. தங்கள் பணி முடியும் ஆறு மணிக்கு மேல் தங்கள் கையெழுத்து செல்லாது.