முதல் வரியில் ஒரு குரல்

– பையைக் கீழ வைண்ணா. கம்ப்யூட்டர் பக்கம் போகாத.

– வேற எதுக்கு வந்தேன்? டிஸ்க் செத்துப்போச்சு, கடையில புதுசு மாட்டியாச்சுன்னு நீதானே சொன்ன. கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸைப் போட்டு, உன் சாமானையெல்லாம் பழையபடி அடுக்கி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும்.

– அது கேக்கற கேள்விக்கெல்லாம் பதிலை முன்னாடியே எழுதி வச்சு, லினக்ஸ் காலையிலயே போட்டுட்டேன். மிச்சத்தை அதுவே அடுக்கிட்டு இருக்கு.

– அதுவேன்னா?

– செய்ய வேண்டியதையெல்லாம் வரிவரியா ஸ்கிரிப்ட்டா எழுதி வச்சிருக்கேன். ஒரே ஒரு கட்டளை. தமிழ் கீபோர்டு, நான் ஒலிப்பதிவு வெட்டி ஒட்டுற புரோகிராம், என் கை பழகின குறுக்குவழி, எல்லாத்தையும் தானே இறக்கி அந்தந்த இடத்துல வச்சிடும்.

– சரி சரி, கெட்டிக்காரிதான். ஆனா ஸ்கிரீன்ல இருக்கறதை உனக்குப் படிச்சுச் சொல்ற குரல் வேணுமே? அது வர்ற வரைக்கும் நான்தானே உனக்குக் கண்ணு.

– அந்தக் குரலைத்தான் முதல் வரியிலயே வச்சிருக்கேன்.

– சொதப்பலையா?

– சொதப்பாம இருக்குமா? பழைய லேப்டாப்பைத் திரும்பத் திரும்ப அழிச்சு ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை கப்சிப். உயிரோட இருக்கா இல்லையான்னே தெரியல. உள்ள ஃபேன் சுத்துதான்னு உள்ளங்கையை வச்சுப் பார்த்தேன். ஸ்பீக்கரை எழுப்பாமலே குரலைக் கூப்பிட்டிருக்கேன். வாயைப் பொத்திட்டுப் பேசுன்னா எப்படிப் பேசும்?

– என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, பாப்பா.

– கூப்பிட்டா ரெண்டு பஸ் மாறி வந்து நிப்ப. அதனாலதான் கூப்பிடல. ஒவ்வொரு தடவையும் உனக்கு லீவு கிடைக்கற வரைக்கும் என் பொழப்பு அந்தரத்துல தொங்குது.

– இரு, ஏதோ பேசுதே. ஒரு எழுத்தும் புரியல. பொரி பொரியற மாதிரி இருக்கு.

– அதுதான் நான் கேட்டுப் பழகின வேகம். அதையும் எழுதி வச்சிட்டேன். எல்லாம் முடிஞ்சுதாம், வேலையை ஆரம்பிக்கலாமாம்.

– அடேயப்பா. சந்தோஷமா இருக்கு பாப்பா. உள்ளுக்குள்ள கொஞ்சம் வலிக்கவும் செய்யுது. அப்போ இங்க எனக்கு வேலையே இல்லையா?

– கம்ப்யூட்டர்ல இல்ல.

– அப்புறம் எதுக்கு, இன்னைக்கே வா, நல்ல சட்டையா போட்டுட்டு வான்னு போன்ல அந்தப் பிடிவாதம்? வழியெல்லாம் மண்டையைக் குடைஞ்சுது.

– படியில செருப்புச் சத்தம் கேக்குது பாரு. நான் கட்டிக்கப் போறவர்தான். நம்ம வீட்டுல நீதான் முதல்ல அவரைப் பார்க்கணும். போய்க் கதவைத் திறண்ணா.