முன்வரிசை

ஆகஸ்டில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் எங்கள் சதுக்கத்தில் நிழல் விழும். அதனால்தான் புனிதர் சான் ரோக்கே திருநாளில் காளையை அதற்குப் பிறகு அவிழ்த்துவிடுகிறார்கள்.

சதுக்கத்தைச் சுற்றித் தூண் வளைவுகள், அவற்றின்மேல் மூன்று அடுக்கு மரப் பால்கனிகள். மூன்றாவது அடுக்கில் என் வீடு. காளை நாளன்று மட்டும் பால்கனி என்னுடையதல்ல. பழைய பத்திரப்படி அன்றைக்குக் கிராதியோரம் நின்று பார்க்கும் உரிமை ஃபெர்மினுக்கு. அவன் அப்பாவுக்குப் பிறகு அவனுக்கு வந்தது. வீட்டுக்காரர்கள் பின்னால் நிற்க வேண்டும். ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான், ஐயா. யாரும் சண்டை போடுவதில்லை.

நானும் போடவில்லை. பதினேழு வருடம் கதவைத் திறந்துவிட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. என் மனைவி காசில்டா அந்த ஒரு நாளைக்குத்தான் நல்ல மேசைவிரிப்பை எடுப்பாள். ஆலிவ் தட்டை அவன் பக்கமே நகர்த்துவாள். கேட்டால், "விருந்தாளிக்கு வைக்காம வேற யாருக்கு வைக்கிறதாம்?" என்பாள். ஒருமுறை அவன், "பிராஸ், அந்தக் காளையவிட நீதான்யா என்னை அதிகமா முறைக்கிறே" என்றான். அவள் சிரித்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் காலையில் கிராதியைத் தூணோடு பிணைக்கும் இரண்டு மர முளைகளைக் கழற்றினேன். துளைகளை மெழுகால் அடைத்துப் பச்சை வண்ணம் பூசினேன். தச்சுவேலை தெரிந்தவனுக்கு அரைமணி நேர வேலை. காளை வெளியே வந்ததும் முன்வரிசைக்காரன் முழு எடையையும் கிராதியில் சாய்ப்பான். ஃபெர்மின் எப்போதும் தனியாகத்தான் வருவான். அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

எக்காளம் ஊதியதும் நாற்காலியிலிருந்து எழுந்தவன், திரும்பி, "காசில்டா, இந்தத் தடவை நீங்க முன்னாடி வாங்க. பதினேழு வருஷமா என் முதுகைத்தானே பாக்குறீங்க" என்றான். உரிமைக்காரர்கள் இடம் தருவதை நான் கண்டதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "போகட்டுமாங்க?"

"உன் இஷ்டம்" என்றேன். மறுக்கிறாளா என்று பார்க்க விரும்பினேன். அவள் மறுக்கவில்லை.

கீழே கருங்கல் தளம். ஃபெர்மின் பாய்ந்து பிடித்தான். கையில் சால்வை மட்டும்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி அழுதான். நான் அழவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முளைகளைக் கழற்றியவன் நான்தான், மறைக்கவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், ஐயா: மனதில் ஒன்றும் இல்லாமலா ஒருவன் பரம்பரை இடத்தை அடுத்தவன் மனைவிக்கு விட்டுக்கொடுப்பான்?