கேப்டன் போட்ட பிள்ளையார் சுழி

“ஜெர்மன்காரன் பிள்ளையார் சுழி போட்டா பேரு எழுதுவான்?”

குற்றாலத்துக்குப் போகிற பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? கேட்டவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசையே சொன்னது. அவர் கையில் ஒரு பித்தளை பைனாகுலர். அழுக்கைத் துண்டால் தேய்த்து, அதில் வெட்டியிருந்த பேரையும் மேலிருந்த சுழியையும் கண்டுபிடித்தவரும் அவர்தான். பக்கத்தில் இருந்த பழைய சாமான் வியாபாரி அதைக் குற்றாலம் பங்களாவில் இருக்கும் வெள்ளைக்காரத் துரைக்கு விற்கக் கொண்டுபோகிறாராம்.

“சண்டையில ஜெர்மன் கேப்டன் வச்சிருந்ததுன்னு சொல்லித்தான் ஒருத்தன் எங்கிட்ட வித்தான், அண்ணாச்சி.”

“கேப்டன் பேரப் பாரும்வே. குடத்துல பேரு வெட்டுத மாதிரி புள்ளி புள்ளியா வெட்டியிருக்கான். நம்மூர்ப் பாத்திரக்கடையில வெட்டுனது இது. கைப்பழக்கத்துல மேல சுழியும் போட்டுட்டான்.”

மேலகரம் தாண்டியதும் பட்டாளத்துக்காரரே ஒரு வழி சொன்னார்.

“சுழிய மட்டும் அரத்த வச்சு ராவிரும். துரைக்குத் தெரியாது.”

“பிள்ளையாரப் போயி ராவச் சொல்லுதியளே அண்ணாச்சி! பாவம்லா அது!” வியாபாரி சுழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அது பாட்டுக்கு இருக்கட்டும். துரை கேட்டா ஜெர்மன் எழுத்துன்னு சொல்லிருதேன்.”